கடல் பக்கம் தொண்ணூற்றெட்டு

தூத்துக்குடித் துறைமுகத்தில் மூட்டை எண்ணிப் பிழைத்தவர்கள் எத்தனையோ பேர். செத்த பிறகும் எண்ணிக்கொண்டிருந்தவர் காசிலிங்கம் ஒருவர்தான். ஆள் போய்ப் பதினோரு வருஷம் ஆகிவிட்டது. ஆனாலும் இந்தக் கதை நடந்த எழுபத்தைந்தாம் வருஷத்தில்கூட, கப்பலில் ஏறியது எத்தனை இறங்கியது எத்தனை என்று இரண்டு கம்பெனிக்காரர்கள் மல்லுக்கு நின்றால், பழைய ஆள் யாராவது வந்து, "காசிலிங்கம் இருந்தா இந்தப் பேச்சு வருமாவே?" என்பார். உடனே சத்தம் அடங்கும். காசிலிங்கம் கணக்கு என்றால் அதற்கு மேல் அப்பீல் கிடையாது.

அவருடைய ஒரே மகன் செந்தூர்பாண்டி. அதே துறைமுகத்தில் மூட்டை எண்ணுகிற அதே டாலி கிளார்க் வேலை, வயது நாற்பத்தெட்டு. எண்ணிக்கையில் அவனும் கெட்டிக்காரன்தான். என்ன பிரயோசனம்? சரியாக எண்ணினால், "காசிலிங்கம் ரத்தம்லா!" என்பார்கள். ஒரு மூட்டை பிசகினால், "காசிலிங்கத்துக்குப் போயி இப்படி ஒரு பிள்ளையா!" என்பார்கள். சரியெல்லாம் அப்பாவுக்கு, தப்பெல்லாம் மகனுக்கு. இருந்தாலும் அந்தப் பெயர் இருக்கிற வரைக்கும்தான் துறைமுகத்தில் தன்னை நாலு பேர் மதிப்பார்கள் என்பது பாண்டிக்கு நன்றாகத் தெரியும்.

அப்படி இருக்கும்போதுதான் லண்டனிலிருந்து அந்தக் கடிதம் வந்தது. விலாசம் வெள்ளைக்காரர்களின் பழைய கிளப்புக்கு. வெள்ளைக்காரர்கள் போய்விட்டார்கள், கிளப்பும் போய்விட்டது, டென்னிஸ் கோர்ட் இருந்த இடத்தில் உப்பு மூட்டை அடுக்குகிற ஷெட் நிற்கிறது. தபால்காரர் இரண்டு நாள் சுமந்து திரிந்துவிட்டுத் துறைமுக ஆபீஸில் போட்டுவிட்டார். அங்கே ஹெட் கிளார்க் பிரித்துப் படித்தார். நடுவில் காசிலிங்கம் என்ற பெயர் இருந்ததும் பாண்டிக்கு ஆள் அனுப்பினார்.

எழுதியிருந்தவர் பெல்லாமி என்ற துரை. அந்தக் காலத்தில் காசு வாங்கிக்கொண்டு ஊர் ஊராக டென்னிஸ் ஆடிய தொழில்முறை ஆட்டக்காரர்களின் கணக்கையெல்லாம் தேடி எடுத்து, ஒவ்வொன்றாகச் சரிபார்த்து, புத்தகம் போடப் போகிறாராம். வேறு வேலை இல்லாத மனுஷன் என்று நாம் சொல்லலாம். ஆனால் அவர் கேட்டது நியாயமான கேள்வி. 'முப்பத்தெட்டாம் வருஷம் பிப்ரவரியில் தூத்துக்குடியில் ரூபர்ட் விட்கோம்ப் என்பவர் உள்ளூர் ஆட்டக்காரர் இனிகோவோடு ஆடி, பாயிண்ட் கணக்கில் 98-95 என்று ஜெயித்ததாக ஒரு பழைய பத்திரிகைத் துணுக்கு சொல்கிறது. பாயிண்டுகளைக் குறித்தவர் துறைமுக டாலி கிளார்க் காசிலிங்கம் என்றும் போட்டிருக்கிறது. மூலத் தாள் இருக்கிறதா? யாருக்கு எத்தனை என்று பார்த்துச் சொன்னால், சரிபார்த்தவர் பெயரையும் காசிலிங்கம் பெயரையும் புத்தகத்தில் அச்சிடுவேன்.'

பாண்டிக்குத் தலைகால் புரியவில்லை. அப்பா பெயர் லண்டன் புத்தகத்தில்! அதற்குப் பக்கத்திலேயே அவன் பெயர்! அன்று சாயங்காலத்துக்குள் டீக்கடை, தோணி ஆபீஸ், சுங்க வாசல் எல்லா இடத்திலும் சொல்லியாயிற்று. வீட்டில் ஆறுமுகத்தாயிடம் மூன்று தரம் சொன்னான்.

"சரி, சரி. புஸ்தகம் வரட்டும், கண்ணாடி போட்டு மாட்டுவோம். இப்ப கைய கழுவிட்டு வாங்க," என்றாள் அவள்.

அந்த ஆட்டம் என்னவென்று சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பின்னால் குழம்பும். வெள்ளைக்காரர்கள் டென்னிஸ் ஆட ஆள் குறைந்தால் எதிர்ப்பக்கம் நின்று ஆடிக் கொடுப்பதற்குக் கிளப்பில் சம்பளத்துக்கு ஒருத்தன் இருப்பான். மார்க்கர் என்று பெயர். அப்போது மார்க்கராக இருந்தது திரேஸ்புரத்து இனிகோ, இருபத்துநாலு வயது. முத்துக்குளிக்கிற குடும்பத்துப் பிள்ளை, மூச்சு அப்படி நிற்கும்! ஐந்து மணி நேரம் ஓடினாலும் வாயைத் திறந்து மூச்சு வாங்க மாட்டான் என்று பேர். கொழும்புக்குக் கப்பல் ஏற வந்த டென்னிஸ் கோஷ்டி ஒன்று ஒரு நாள் இங்கே தங்கியது. அதன் மானேஜர் கிளப்பில் எல்லோர் முன்னாலும் சொன்னான்: "எங்கள் விட்கோம்பை உங்கள் மார்க்கர் ஜெயித்தால், இன்றைக்கே கப்பலில் கூட்டிக்கொண்டு போவேன். கொழும்பு, சிங்கப்பூர், ஆஸ்திரேலியா எல்லா ஊரிலும் ஆடலாம்." இனிகோ மாதா கோவிலில் மெழுகுதிரி ஏற்றிவைத்துவிட்டுப் பெட்டியோடேயே கோர்ட்டுக்கு வந்துவிட்டான்.

ஆளுக்கு ஒரு செட். மூன்றாவது செட்டில் ஐந்துக்கு ஐந்து என்று நிற்கும்போது கப்பல் சங்கு ஊதிவிட்டது. கப்பல் யாருக்காகக் காத்திருக்கும்? மொத்தப் பாயிண்டில் யார் முன்னால் இருக்கிறார்களோ அவர்தான் ஜெயித்தவர் என்று மானேஜர் முடிவு கட்டினான். எல்லோரும் வலைக்குப் பக்கத்தில் உயரமான ஸ்டூலில் உட்கார்ந்திருந்த காசிலிங்கத்தைப் பார்த்தார்கள். பிசகில்லாமல் எண்ணுகிற ஆள் வேண்டும் என்று கிளப் செக்ரட்டரி துரைதான் அவரைத் துறைமுகத்திலிருந்து வரவழைத்திருந்தார். காசிலிங்கம் கூட்டிப் பார்த்தார். "கடல் பக்கம் தொண்ணூற்றெட்டு, கரைப் பக்கம் தொண்ணூற்றஞ்சு," என்றார். அந்த நேரம் கடல் பக்கம் நின்றது விட்கோம்ப். கோஷ்டி கப்பலேறிப் போயிற்று. இனிகோ பெட்டியைத் தூக்கிக்கொண்டு திரேஸ்புரத்துக்கு நடந்தான்.

காசிலிங்கம் எதை எண்ணினாலும் கார்பன் வைத்து ஒரு நகல் எடுத்துக்கொள்வார். ஞாயிற்றுக்கிழமை பாண்டி அவருடைய டிரங்குப் பெட்டியைக் குடைந்து அந்தத் தாளை எடுத்துவிட்டான். ஐந்தைந்தாகக் கட்டிய கோடுகள், ஒரு கேமுக்கு ஒரு வரி, அடியில் கூட்டுத்தொகை. கூட்டிப் பார்த்தான். தொண்ணூற்றெட்டு, தொண்ணூற்றைந்து. அப்பா என்றால் அப்பாதான்!

அத்தோடு கடிதத்தை எழுதித் தொலைத்திருந்தால் கதை முடிந்திருக்கும். ஆனால் யாருக்கு எத்தனை என்றல்லவா பெல்லாமி கேட்டிருந்தார்? தாளில் ஆட்டக்காரர் பெயர் இல்லை. ஒரு பக்கம் 'கடல்', ஒரு பக்கம் 'கரை' என்று தலைப்பு, அவ்வளவுதான். டென்னிஸ் மட்டையைக் கையால் தொட்டறியாத பாண்டி, எதற்கும் இனிகோவை ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளலாம் என்று திரேஸ்புரத்துக்குச் சைக்கிளை மிதித்தான்.

இனிகோவுக்கு இப்போது அறுபத்தொன்று. ஐஸ் பாக்டரியில் கேட் வாட்ச்மேன். ஆனால் திரேஸ்புரத்தில் அவருக்கு இருக்கிற மரியாதை ஐஸ் பாக்டரி முதலாளிக்கே கிடையாது. மீன் பங்கில் சண்டை வந்தாலும் வலை அறுந்ததில் வழக்கு வந்தாலும், 'இனிகோ அண்ணன்கிட்ட போவோம்' என்பார்கள். அதற்குக் காரணம் அந்த மூன்று பாயிண்ட். பாண்டி கடிதத்தைக் காட்டியதுமே அவர் அதைத்தான் ஆரம்பித்தார்.

"மூணு பாயிண்ட், பாண்டி. மூணே மூணு. ஒண்ணு, ரெண்டாவது செட்டுல ரெண்டு சர்வீசும் வெளிய போட்டேன். ரெண்டாவது, கைக்கு வந்த பந்த வலையில அடிச்சேன், பச்சப்புள்ள எடுத்திருக்கும் அத. மூணாவது இருக்கு பாரு..." என்று நிறுத்தினார். திரேஸ்புரத்தில் அந்த மூணாவது பாயிண்டைக் கேட்காத ஆள் கிடையாது. "நான் அடிச்ச பந்து கோட்டுக்கு ஒரு விரக்கட வெளிய விழுந்துச்சு. அம்பயரா நின்ன தொரை பாக்கல. உள்ளனு சொல்லி எனக்குப் பாயிண்ட் கொடுத்துட்டாரு. நான் போயி, 'இல்ல சார், அவுட்டு'ன்னேன். யாரு சொல்லச் சொன்னா? மாதா பாத்துட்டு இருக்கான்னு ஒரு நெனப்பு. அதுலதாம்லே கப்பல் போச்சு!"

சொல்லிவிட்டு அவர் வருத்தப்படவில்லை, நன்றாக நிமிர்ந்து உட்கார்ந்தார். உண்மையைச் சொல்லி ஆஸ்திரேலியாவைத் தோற்றவர் என்பதுதானே அவருக்குக் கிடைத்த பட்டம்.

"அண்ணாச்சி, ஒண்ணே ஒண்ணு கேக்கணும். நீங்க எந்தப் பக்கம் நின்னு ஆடுனீங்க? கடல் பக்கமா, கரைப் பக்கமா?"

இனிகோ சிரித்துவிட்டார். "காசிலிங்கம் மகன் கேக்கிற கேள்வியாலே இது? ரெண்டு பக்கமும்தான். மொதல்ல கடல் பக்கம் நின்னேன். ஒரு கேம் முடிஞ்சா பக்கம் மாறணும், பெறவு ரெண்டு கேமுக்கு ஒருக்க மாறணும். காத்து, வெயிலு எல்லாம் ரெண்டு பேருக்கும் சமமா இருக்கணும்லா? அதாம்லே ஆட்டத்து ரூல்."

பாண்டி எழுந்துவிட்டான். வந்த வேகத்தில் சைக்கிளைத் திருப்பினான். "டீ குடிச்சிட்டுப் போலே!" என்று இனிகோ கூப்பிட்டதுகூட அவன் காதில் விழவில்லை.

அப்பா, பாவி மனுஷன், என்ன செய்திருக்கிறார் என்று பாண்டிக்கு உடனே விளங்கிவிட்டது. ஒரு டாலி கிளார்க்குக்கு மட்டும்தான் அது விளங்கும். அந்தக் காலத்தில் கப்பல் நடுக்கடலில் நிற்கும். கடல் பக்கம் ஒரு தோணி, கரைப் பக்கம் ஒரு தோணி அணைந்து சரக்கு இறக்கும். தோணி நிரம்பிப் போகும், வேறு தோணி வரும், ஆட்கள் ஷிப்டு மாறுவார்கள். டாலி கிளார்க்குக்கு அதெல்லாம் தேவையில்லை. கடல் பக்கம் எத்தனை, கரைப் பக்கம் எத்தனை, அவ்வளவுதான் அவன் கணக்கு. கிளப் செக்ரட்டரி, 'எந்தப் பக்கம் நிற்கிறவன் பாயிண்டை விடுகிறானோ அதற்கு எதிர்ப்பக்கத்துக்கு ஒரு கோடு போடு' என்று சொல்லியிருப்பார். காசிலிங்கம் அதை அட்சரம் பிசகாமல் செய்திருக்கிறார். ஆட்டக்காரர்கள் பக்கம் மாறியபோது, ஷிப்டு மாறுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டு பேசாமல் உட்கார்ந்திருக்கிறார். ஒரு கோடுகூடத் தப்பவில்லை. கணக்கு மட்டும்தான் தப்பு.

வீட்டுக்கு வந்து தாளை விரித்து, ஒவ்வொரு வரியாக எடுத்து, பக்கம் மாறிய இடமெல்லாம் மாற்றிப் போட்டுக் கூட்டினான். பேனா மூடியைக் கடித்துக்கொண்டு இரண்டாம் தரம் கூட்டினான். மூன்றாம் தரமும் அதேதான் வந்தது. ஜெயித்தது இனிகோ. தோற்றதாகச் சொன்ன மாதிரி வெறும் மூன்று பாயிண்டிலெல்லாம் இல்லை, தாராளமாகவே ஜெயித்திருந்தார்.

"என்ன, முகம் வெளிறிப் போச்சு?" என்றாள் ஆறுமுகத்தாய். சொன்னான். அவள் முருங்கைக் கீரை ஆய்ந்துகொண்டே முழுதும் கேட்டாள்.

"ஒங்கய்யாகிட்ட நான் பன்னெண்டு வருசம் பேச்சு வாங்கியிருக்கேன். உப்பு ஒரு கல்லு கூடிட்டாக்கூட எண்ணிச் சொல்லுவாரு. அவரா?" என்றாள். பிறகு கீரைக்காம்பைக் கீழே போட்டுவிட்டு வாய்விட்டுச் சிரித்தாள். பாண்டிக்கு அவளை அடிக்கலாம் போல ஆத்திரம் வந்தது.

"ஏளா, சிரிக்காத. இது வெளிய தெரிஞ்சா துறைமுகத்துல நான் நிக்க முடியுமா?"

"அப்ப தெரியாம பாத்துக்கிடுங்க. விட்கோம்பு தொண்ணூத்தெட்டுன்னு எழுதிப் போடுங்க. லண்டன்காரன் வந்து எண்ணவா போறான்?"

அதுதான் சுலபமான வழி. பாண்டியும் அதற்குத்தான் தயாரானான். நாலு நாள், வேலை முடிந்து வந்ததும் வெள்ளைத்தாளை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். 'சரிபார்த்தேன்' என்று எழுத வேண்டிய இடம் வந்ததும் கை நின்றுவிடும். இருபத்தைந்து வருஷம் மழையிலும் வெயிலிலும் நின்று மூட்டை எண்ணியவன், பொய்த்தொகைக்குக் கீழே ஒரு நாளும் கையெழுத்துப் போட்டதில்லை. அப்பாவைக் காப்பாற்றுவதற்குப் போடலாம் என்றால், அதற்கும் அப்பாவே குறுக்கே வந்தார். தப்புக் கணக்கில் கையெழுத்து வைக்கிறவன் கையை ஒடிக்கணும் என்று சொல்லிச் சொல்லி வளர்த்தது அவர்தானே!

இன்னொரு பக்கம் இனிகோவின் முகம். அந்த மனுஷனின் ஆயுசையே அல்லவா ஒரு தாள் தின்றுவிட்டது? சிங்கப்பூர், ஆஸ்திரேலியா எல்லாம் ஆட வேண்டியவன் ஐஸ் பாக்டரி வாசலில் குந்தியிருக்கிறான். நினைக்க நினைக்கப் பாண்டிக்கு வெட்கமாக இருந்தது. சனிக்கிழமை மத்தியானம் தாளையும் தன் கூட்டலையும், எழுதாத வெள்ளைத்தாளையும் கவரையும் எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டான். போகிற வழியெல்லாம், 'செருப்பைக் கழற்றி அடித்தாலும் வாங்கிக்கொள்ள வேண்டியதுதான்' என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டான்.

இனிகோ கேட்டுக்குள்ளே ஸ்டூலில் இருந்தார். பாண்டி மென்று விழுங்கி, தோணியிலிருந்து ஆரம்பித்து, ஒருவழியாகச் சொல்லி முடித்தான். கடைசியில், "அப்ப ஜெயிச்சது நீங்கதான் அண்ணாச்சி. எங்கய்யா தப்பா எண்ணிட்டாரு. எவ்வளவு வித்தியாசம்னு இதுல போட்டிருக்கேன்," என்று தாளை நீட்டினான்.

இனிகோ தாளை வாங்கவில்லை.

"யாரு தப்பா எண்ணுனது?"

"எங்கய்யா."

"போலே! ஒங்கய்யா தப்பா எண்ணுனாராம், இவரு சரியா எண்ணிட்டாராம். ஒனக்குக் கணக்கு வராதுன்னு துறைமுகமே சொல்லுது."

"அண்ணாச்சி, மூணு தரம் கூட்டிட்டேன். நீங்களே பாருங்க. நீங்கதான கப்பல்ல போயிருக்கணும்..."

"வாய மூடு!"

உள்ளே ஐஸ் உடைத்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். இனிகோ எழுந்து கேட்டுக்கு வெளியே வந்தார். பாண்டியைக் கையைப் பிடித்து வேலியோரம் இழுத்துக்கொண்டு போனார். அவர் கை சில்லென்று இருந்தது.

"ஏலே, நல்லாக் கேட்டுக்க. இந்தத் திரேஸ்புரத்துல நான் யாரு? உம்மையச் சொல்லிக் கப்பல விட்டவன். அதுனாலதான் எம்பேச்சுக்கு ஒரு மதிப்பு. இன்னைக்கு நீ வந்து, 'அதெல்லாம் இல்ல, எங்கய்யாவுக்கு ஆட்டம் தெரியல, அதுனாலதான் இனிகோ இங்கன கிடக்கான்'னு சொன்னா, நான் யாருலே? முப்பத்தேழு வருசமா இருக்கிற கதையச் சொல்லாம இல்லாத கதையச் சொன்ன கோட்டிக்காரன். புள்ளைக சிரிக்கும்லா?"

"உம்மைனு ஒண்ணு இருக்குல்லா அண்ணாச்சி?"

"உம்மைய வச்சு என்ன செய்யச் சொல்லுத? இப்ப கப்பல் வருமா? முட்டி ரெண்டும் போச்சு. தோத்தவன்னா எந்தப்பு, நான் தாங்கிக்கிட்டேன். ஜெயிச்சவன்னு சொன்னா அத நான் எங்கன கொண்டு வைக்க? ஒங்கய்யா கணக்குன்னுதாம்லே அன்னைக்கு ஒரு வார்த்தை பேசாம பெட்டியத் தூக்கினேன். வேற எவன் எண்ணியிருந்தாலும் சட்டையப் பிடிச்சிருப்பேன். எடு பேனாவ."

பாண்டி பையிலிருந்து பேனாவை எடுத்தான். தன் அப்பாவின் பெயரைக் காப்பாற்ற ஊரில் ஒருத்தன் இருக்கிறான் என்றால், அது அந்தப் பெயரால் கெட்டவனாகவா இருக்க வேண்டும்?

வேலிக்கல்லின் மேல் வெள்ளைத்தாளை வைத்துக்கொண்டு, இனிகோ சொல்லச் சொல்லப் பாண்டி எழுதினான். கிளப்பில் வேலை பார்த்தவர், இங்கிலீஷ் அவருக்குத்தான் நன்றாக வந்தது. 'மூலத் தாளோடு ஒப்பிட்டுப் பார்த்தாயிற்று. விட்கோம்ப் தொண்ணூற்றெட்டு, இனிகோ தொண்ணூற்றைந்து. காசிலிங்கம் கணக்கில் பிழை இல்லை.' பாண்டி கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்டான். அவன் வாழ்நாளில் போட்ட முதல் பொய்க் கையெழுத்து. இனிகோ பேனாவை வாங்கி அதற்குக் கீழே, 'சாட்சி: ஐ. பர்னாந்து, மார்க்கர்' என்று நிதானமாக எழுதினார். பேனாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, கடிதத்தை அவரே மடித்துக் கவருக்குள் போட்டார்.

பாண்டி சைக்கிள் ஸ்டாண்டைத் தட்டினான்.

"ஏலே பாண்டி."

"என்ன அண்ணாச்சி?"

இனிகோ இரண்டு பக்கமும் பார்த்தார். ஐஸ்காரர்கள் உள்ளே போயிருந்தார்கள். கிட்டத்தில் வந்து, ரகசியமாகக் கேட்டார்.

"எத்தன?"

"எது எத்தன?"

"நீ கூட்டுனதுல. எத்தன பாயிண்டுல ஜெயிச்சேன்?"

"ஒம்பது. நூத்தி ஒண்ணு, தொண்ணூத்தி ரெண்டு."

"ஒம்பதா?" அவர் வாய் கொஞ்ச நேரம் திறந்தபடியே இருந்தது. "அந்த மூணாவத நானா கொடுத்தேம்லா. அதக் கொடுத்த பெறவுமா ஒம்பது?"

"ஆமா அண்ணாச்சி. அதக் கொடுத்த பெறவும்தான்."

இனிகோ அழுதார். சத்தமில்லாமல், அறுபத்தொரு வயது மனுஷன் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்று அழுதார். பாண்டி அவர் தோளைத் தொடப் போய்க் கையை எடுத்துக்கொண்டான். கொஞ்ச நேரம் கழித்து அவர் தோள் துண்டை எடுத்து முகத்தை அழுத்தித் துடைத்தார். மூக்கைச் சிந்தினார். பிறகு கவரைப் பாண்டி கையில் கொடுத்தார்.

"நல்லா ஒட்டுலே," என்றார். "வழியில யாரும் பிரிச்சுப் பாத்துரப் போறான்."